'தேவையான அளவு'ன்னா எவ்வளவு ஐயா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

முப்பது வருசமா உங்க பேப்பர்தான் வாங்குறேன், ஆனா சமையல் பக்கத்தை ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சது இந்த அஞ்சு மாசமாத்தான். மக பிரசவத்துக்குன்னு வீட்டம்மா கோயம்புத்தூர் போயிட்டா, மதுரைல நான் மட்டும் தனியா. வயசு 63, ரிட்டயர்டு, பதினோரு வருசமா சுகர். தினமும் ஓட்டல்ல சாப்பிடக்கூடாதுன்னு டாக்டரும் மகளும் கண்டிசனா சொல்லிட்டாங்க. எனக்கு சுடுதண்ணி வைக்கத் தெரியும், ஆம்லெட் போடத் தெரியும், அம்புட்டுத்தான். சரி, பேப்பர் இருக்கே நமக்கென்ன கவலைன்னு ஞாயித்துக்கிழமை பக்கத்தை கத்தரிச்சு ஃப்ரிட்ஜ் மேல ஒட்ட ஆரம்பிச்சேன்.

மொத மொத செஞ்சது தினை வெண்பொங்கல். படம் அவ்வளவு அழகா போட்டிருந்தீங்க. கீழ பார்த்தா தினை ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப், அதோட சரி, அப்புறம் எல்லாமே தேவையான அளவு. உப்பு தேவையான அளவு, நெய் தேவையான அளவு, தண்ணி கூட தேவையான அளவு. அட, யாருக்கு தேவையான அளவு? சமைக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது புரியும், ஆனா தெரிஞ்சவங்க எதுக்கு பேப்பரை பார்த்து பொங்கல் வைக்கப்போறாங்க, என்னைய மாதிரி ஆளுதான அதை நம்பி அடுப்பை பத்த வைக்கிறது. நான் ஒரு குத்துமதிப்பா தண்ணிய ஊத்துனேன், அடி பிடிச்சிருச்சு, மறுபடி ஊத்துனேன், கஞ்சி ஆயிருச்சு, நெய்ய கரண்டிலயே அள்ளி விட்டேன், அப்பத்தான் ஒரு வாசம் வந்துச்சு.

அதை விட பெரிய கூத்து, தலைப்புக்கு பக்கத்துல கட்டம் கட்டி 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது'ன்னு போட்டிருந்தது. ஏத்ததுன்னா வயிறார சாப்பிடலாம்னுதான எவனும் நினைப்பான். ரெண்டு தட்டு சாப்பிட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு மெஷின்ல விரலை குத்திப் பார்த்தா 287. மெஷின்தான் ரிப்பேர்னு நினைச்சு இன்னொரு ஸ்ட்ரிப் போட்டு பார்த்தேன், 291. ஒரு ஸ்ட்ரிப் விலை என்னன்னு சுகர்காரங்களுக்கு தெரியும், அது தனி வயித்தெரிச்சல்.

டாக்டர்ட்ட போனேன், அவர் சிரிச்சிட்டாரு. "சிறுதானியமும் மாவுச்சத்துதாங்க, அரிசில 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்துன்னா இதுல 60, 65 கிராம் இருக்கும், நார்ச்சத்து கூட இருக்குறதால கொஞ்சம் பைய ஏறும், ஆனா ஏறாதுன்னு யாரு சொன்னா, எவ்வளவு சாப்பிட்டீங்க"ன்னு கேட்டாரு. அதான ஐயா கேள்வி, எவ்வளவு. அந்த ஒரு விசயம்தான் உங்க பக்கத்துல இல்ல. இந்த லெட்டர் எழுதுறதே அதுக்காகத்தான். ஆரோக்கிய சமையல்னு போட்டா எத்தனை பேருக்கு, ஒரு ஆளுக்கு எவ்வளவு, யாரு சாப்பிடக்கூடாது, இந்த மூணையும் சேர்த்து போடுங்க. முடியலன்னா ஆரோக்கியம்ங்குற வார்த்தைய எடுத்துட்டு சும்மா சமையல்னு போடுங்க, எனக்கு ஆட்சேபனை இல்ல.

அளவு கேட்டா எல்லாரும் "அதெல்லாம் கைப்பக்குவம், நம்ம பாட்டிங்க எல்லாம் அளந்தா போட்டாங்க"ன்னு சொல்றாங்க. அளந்துதான் போட்டாங்க! எங்க ஆச்சி வீட்டுல தானியம் கொட்டி வைக்கிற குலுக்கை பக்கத்துல ஆழாக்கு, உழக்கு, படின்னு வரிசையா கவுத்து வச்சிருக்கும். ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, எட்டு ஆழாக்கு ஒரு படி. நேரத்துக்கு எத்தனை உழக்கு அரிசி களையணும்னு ஆச்சிக்கு கணக்கு உண்டு, விருந்தாளி வந்தா ஒரு ஆழாக்கு கூட, அம்புட்டுத்தான். கப்புங்குற பேர்ல கையில கிடைச்ச டம்ளரை எல்லாம் தூக்க ஆரம்பிச்சது நாமதான்.

இதை சும்மா சொல்லல. காலைல தெப்பக்குளத்தை சுத்தி வாக்கிங் போற ஒரு செட்டு எங்களுக்கு உண்டு, ஏழெட்டு பேரு, முக்காவாசி சுகர் பிரஷர் கேசு. நடந்து முடிச்சு படிக்கட்டுல உக்காந்தா முன்னாடியெல்லாம் அரசியல்தான் ஓடும், இப்ப நான் தனியா சமைக்கிறேன்னு தெரிஞ்சதுல இருந்து ஆளாளுக்கு சமையல் சொல்லித்தர ஆரம்பிச்சிட்டாங்க. நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி எழுதிக்கிட்டேன். ஒரு அண்ணன் குதிரைவாலி சோறு சொன்னாரு, ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர் தண்ணின்னாரு, சரியாத்தான் வந்துச்சு, ஆனா அவரு வீட்டுல ஒரு டம்ளர்ல மூணு பேரு சாப்பிடுறாங்களாம், எனக்கு ஒரு டம்ளர்ல ரெண்டு வேளைக்கு மேல மிச்சம் ஆச்சு. என்னடான்னு ரெண்டு டம்ளரையும் கொண்டாந்து படிக்கட்டுல வச்சு தண்ணி ஊத்திப் பார்த்தோம், அவரு டம்ளர் 150 மில்லி, என்னோடது 240. அன்னைக்கே முடிவு பண்ணி எல்லாரும் பாத்திரக்கடைல ஆளுக்கு ஒரு எவர்சில்வர் ஆழாக்கு வாங்கிட்டோம். 168 மில்லி பிடிக்கும். இப்ப நோட்டுல டம்ளர்ங்குற பேச்சே கிடையாது.

அந்த நோட்டுல ரொம்ப கை ஓடுனது கம்பங்கூழ்தான். எங்க செட்டுல உசிலம்பட்டி பக்கத்து அக்கா ஒருத்தவங்க சொன்னது. ஒரு ஆழாக்கு கம்பை லேசா தண்ணி தெளிச்சு பத்து நிமிசம் வச்சிட்டு மிக்ஸில போட்டு அதோட குமிழை இடது பக்கம் விட்டு விட்டு திருப்பணும், தோலு மட்டும் கழண்டு வரும், முறத்துல புடைச்சிரணும் (எனக்கு புடைக்க வராது, ஃபேனுக்கு கீழ நின்னு தட்டுல இருந்து தட்டுக்கு கொட்டுறேன், ஹால் பூரா உமி, வீட்டம்மா வர்றதுக்குள்ள கூட்டணும்). அப்புறம் ரவை பதத்துக்கு உடைச்சு அஞ்சு ஆழாக்கு தண்ணி கொதிக்கும்போது கட்டி இல்லாம கொட்டி கிண்டி, அடுப்பை சிம்ல வச்சு இருபத்தஞ்சு நிமிசம். கைய தண்ணில நனைச்சு தொட்டா ஒட்டக்கூடாது, அதான் பதம். ஆறுனதும் உருண்டை பிடிச்சு மண்சட்டில தண்ணி ஊத்தி அதுல போட்டு வச்சிரணும், ராத்திரி பூரா லேசா புளிக்கும். புளிச்சா அதுல இருக்குற இரும்புச்சத்து உடம்புல நல்லா சேரும்னு டாக்டரும் ஒத்துக்கிட்டாரு. காலைல உருண்டைய கரைச்சு மோர், சின்ன வெங்காயம் ஆறேழு, ஒரு பச்ச மிளகா. ஒரு ஆழாக்குக்கு ஆறு உருண்டை வரும், எனக்கு வேளைக்கு ரெண்டு உருண்டைதான் கணக்கு, மூணாவது கேட்டு நாக்கு கெஞ்சும், விடமாட்டேன். ரெண்டு உருண்டை கூழ் குடிச்சிட்டு ரெண்டு மணி நேரத்துல பார்த்தா 160, 165க்குள்ள நிக்குது. அது என் உடம்புக்கு, மாத்திரை போட்டுக்கிட்டு, உங்க உடம்புக்கு நீங்கதான் குத்திப் பார்க்கணும்.

இன்னொன்னு, கம்பு மாவை கடைல மொத்தமா வாங்காதீங்கன்னு அந்த அக்கா சொன்னாங்க, நான் கேக்காம ரெண்டு கிலோ வாங்கி வச்சேன், மூணாவது வாரம் சிக்கு வாடை, வாயில வச்சா கசப்பு. கம்புல எண்ணெய்ச்சத்து கூடவாம், மாவாக்கிட்டா சீக்கிரம் கெட்டுப்போயிருமாம். இதை எந்த சமையல் குறிப்புலயாவது போட்டிருக்கீங்களா ஐயா? இதுதான முக்கியம்.

முருங்கைக்கீரை ஆயுறதுக்கு சோம்பேறித்தனப்பட்டே நிறைய பேரு வாங்குறதில்ல. ராத்திரி கொத்தோட ஒரு வேட்டித்துணில இறுக்கி சுருட்டி வச்சிட்டா காலைல உதறுனா இலை தானா கொட்டிரும், காம்பு மட்டும் கையில நிக்கும். பொரியல் இறக்குனப்புறம் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியணும், சாப்பிட்ட கையோட டீ குடிக்கக்கூடாது, குடிச்சா கீரைல இருக்குற இரும்பு சேராது. காசு செலவில்லாத விசயம், நாலு வரிதான், உங்க பக்கத்துல ஒரு ஓரமா போடலாம்.

உப்புக்கு வர்றேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு கீழதான் சொல்லுது, சின்ன ஸ்பூன்ல தலை தட்டி ஒண்ணு. வீட்டம்மா போனன்னைக்கு நான் ஒரு கிலோ பாக்கெட் புதுசா உடைச்சேன், கணக்குப்படி ஒத்தை ஆளுக்கு அது 200 நாளு வரணும். எனக்கு 90 நாள்ல காலி. அப்ப நாளைக்கு 11 கிராம். சிந்துனது, மீன் கழுவுனதுன்னு கழிச்சாலும் இதுல அப்பளம் ஊறுகா எல்லாம் சேரல, டீக்கடை வடை சேரல. எனக்கு பிரஷர் மாத்திரை டோஸ் ஏன் ஏறுச்சுன்னு அன்னைக்குத்தான் விளங்குச்சு. இதுக்கு பெரிய டெஸ்ட் எல்லாம் வேண்டாம், உப்பு பாக்கெட் மேல உடைச்ச தேதிய பேனால எழுதி வைங்க, போதும். நீங்க 'உப்பு தேவையான அளவு'ன்னு போடுறப்ப எனக்கு கோவம் வர்றது இதனாலதான்.

அப்புறம் அந்த யாருக்கு ஆகாதுங்குற விசயம். எங்க செட்டுல ஒரு அண்ணனுக்கு கிட்னில கொஞ்சம் பிரச்சனை. வாழைத்தண்டு ஜூஸ் கிட்னிக்கு நல்லதுன்னு எவனோ வாட்ஸப்ல அனுப்ப, மருமகப்பிள்ளை அக்கறையா தினமும் ஒரு சொம்பு போட்டு குடுத்திருக்காப்ல. கல்லு இருக்குறவனுக்கு நல்லதுன்னு சொல்றதை கிட்னி வேலை செய்யாதவனுக்கும் சேர்த்து சொல்லிட்டாங்க. வாழைத்தண்டுல பொட்டாசியம் இருக்கு, கிட்னி மந்தமா இருந்தா அது வெளிய போகாம ரத்தத்துல ஏறும், ஏறுனா இதயத்துக்கே ஆபத்துன்னு டாக்டர் அந்த மருமகப்பிள்ளைய பிடி பிடின்னு பிடிச்சிட்டாரு. நல்லவேளை சீக்கிரமே பார்த்துட்டாங்க. அதே மாதிரி சுரைக்காய் ஜூஸ், நாக்குல வச்சு கசந்தா அப்படியே கீழ கொட்டிரணும், தேன் ஊத்தி குடிக்கக்கூடாது, அந்த கசப்பு விசம், ரத்த வாந்தி வரைக்கும் போகும். "அனைவருக்கும் பகிரவும்"னு மட்டும் மறக்காம போடுறாங்க, இதை போட மாட்டேங்குறாங்க. வாட்ஸப்பை திட்டி பிரயோஜனம் இல்ல, பேப்பர்காரங்க நீங்க போட்டா நாலு பேரு நம்புவாங்க.

அளவோட சொல்ல முடியாதுன்னு சொல்லாதீங்க. பள்ளிக்கூட காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ம் தேதி இதே மதுரைலதான் ஆரம்பிச்சாங்க, அதுல ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்கு பருப்பு 15 கிராம்னு ஆர்டர்லயே இருக்கு. அத்தனை பள்ளிக்கூடத்துக்கு கிராம் கணக்கு போட முடியுது, அரைப்பக்கத்துக்கு முடியாதா. ஐதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல ஒரு வழிகாட்டி போட்டுச்சு, 2000 கலோரி சாப்பிடுறவங்களுக்கு தானியம் 250 கிராம், காய் கீரை 400 கிராம், பருப்பு 85 கிராம், எண்ணெய் 27 கிராம். எல்லாம் பச்சையா எடை போட்டது. நான் சின்னதா ஒரு தராசு வாங்கி என் சாப்பாட்டை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தேன், அரிசியும் கம்புமா நானூறை தொடுது, காய் நூத்தம்பது தாண்டல. நம்ம ஊர்ல கூட்டு பொரியல்ங்குறது ஊறுகா மாதிரி ஓரமா வைக்கிற ஐட்டம் ஆயிருச்சு. இப்ப பீர்க்கங்காய், புடலங்காய், சுரைக்காய்னு தண்ணிக்காயா வாங்கி பாசிப்பருப்பு போட்டு குக்கர்ல ஒரு விசில் விட்டு தட்டுல பாதிய அதுக்கே குடுத்துடுறேன். ருசின்னு சொல்லமாட்டேன், பழகிருச்சு.

உங்க பக்கத்துல வாரம் ஒரு வாசகர் குறிப்பாவது போடுங்க ஐயா, பெரிய செஃப் போட்டோ எல்லாம் வேண்டாம். பாதாம் துருவலும் குங்குமப்பூவும் போட்ட ராகி அல்வாவை ஆரோக்கியம்னு போடுறதுக்கு பதிலா கஞ்சி, துவையல், கூட்டுன்னு நாங்க தினமும் செய்யிறதை அளவோட போடுங்க. எங்க நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இதோட வச்சிருக்கேன், 23 ஐட்டம் இருக்கு, எல்லாம் ஆழாக்கு கணக்கு, கூடவே கிராமும் எழுதியிருக்கேன். ஏழாவது பக்கம் பிரண்டைத் துவையல்ல, கையில நல்லெண்ணெய் தடவிக்கிட்டு நறுக்கணும்னு பென்சில்ல சேர்த்திருக்கேன், அதை விட்டுறாதீங்க, நான் தடவாம நறுக்கி அன்னைக்கு பூரா சொறிஞ்சுக்கிட்டு இருந்தேன்.

இப்படிக்கு,
தெப்பக்குளம் பக்கத்து வாசகர்,
மதுரை.

பின்குறிப்பு: போன மாசம் போட்ட பூண்டு ஊறுகாய்ல நல்லெண்ணெய் எவ்வளவுன்னு இல்ல. கால் கிலோ பூண்டு போட்டுட்டேன், பாட்டில்ல பாதி பூண்டு எண்ணெய்க்கு மேல நிக்குது. கெட்டுப்போறதுக்குள்ள பதில் போடுங்க.