டிராலிக்கு மேலே ஒட்டியிருக்கும் அந்த ஜெராக்ஸ் தாள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் மருத்துவமனை நடத்தும் டாக்டர்களுக்கும், மயக்க மருந்து நிபுணர்களுக்கும், வார்டு பொறுப்பில் இருக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு நர்ஸ். இருபத்தாறு வருஷமாக இந்த வட்டாரத்தில்தான் வேலை, அதில் பாதி நைட் டியூட்டி. எமர்ஜென்சி டிராலிக்கு மேலே சுவரில் ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருக்குமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'டயாசிபாம் 10 = லோரசிபாம் 1 = அல்பிரசோலம் 0.5' என்று ஆரம்பிக்கும். ஒரே வகைத் தூக்க மருந்துகளில் எத்தனை மில்லிகிராம் எதற்குச் சமம் என்ற பட்டியல். மூன்று மருத்துவமனை மாறினேன், மூன்றிலும் இருந்தது. அல்பிரசோலம் நம் ஊரில் மாத்திரையாகத்தானே வருகிறது, ஊசி டிராலியில் அதற்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வருஷக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மெல்லக் குறைத்து நிறுத்துவதற்கான கணக்கு அது. நரம்பில் ஏற்றும் ஊசிக்கு எழுதியதே இல்லை.

ஒரு ராத்திரி வலிப்போடு ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். அறுபது கிலோ இருப்பான். டயாசிபாம் ஸ்டாக் இல்லை. டியூட்டி டாக்டர் புதுசு. "பத்து டயாசிபாமுக்குச் சமமா லோரா போடுங்க சிஸ்டர்" என்றார். நான் நிமிர்ந்து தாளைப் பார்த்தேன். ஒரு மில்லிகிராம், அதாவது அரை சிசி. போட்டேன், வலிப்பு நிற்கவில்லை. அம்மா அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்துத் திணித்துப் பார்க்கிறார், அது கீழே விழுந்துகொண்டே இருக்கிறது. போனில் வந்த பெரிய டாக்டர் கத்தினார்: "ஃபிட்ஸுக்கு நாலு மில்லிகிராம்மா! மீதியையும் போடு!" மீதி ஒன்றரை சிசி அதே ஆம்பூலில், டிரேயில் என் கண்ணெதிரே கிடந்தது. அதைப் போட்ட பிறகுதான் அடங்கியது.

வலிப்பு என்று வந்தால் பெரியவர்களுக்கு டயாசிபாம் 10 மில்லிகிராமுக்கு எதிரில் நிற்பது லோரசிபாம் 4, ஒன்று இல்லை. நரம்பு கிடைக்கவில்லையா, நாற்பது கிலோவுக்கு மேல் உள்ளவருக்கு அதே வகை மருந்தான மிடாசோலம் 10 மில்லிகிராம் தசையில் போடலாம். 2012-ல் வெளிவந்த ராம்பார்ட் ஆய்வு ஒப்பிட்டுப் பார்த்ததே இந்த 10-ஐயும் நரம்பில் போட்ட லோரசிபாம் 4-ஐயும்தான். தசையில் போட்டது கொஞ்சமும் சோடை போகவில்லை.

அதே மிடாசோலம் எண்டோஸ்கோபி என்கிற கேமரா டெஸ்டுக்கு வந்த எழுபத்தெட்டு வயது ஆச்சிக்கு என்றால்? அரை மில்லிகிராமிலோ ஒன்றிலோ ஆரம்பித்து, மெதுவாக ஏற்றி, இரண்டு நிமிஷமாவது நின்று பார்க்க வேண்டும். ஒரே மருந்து, அங்கே பத்து, இங்கே ஒன்று. இதற்கு எந்தச் சமன்பாட்டை எழுதி ஒட்டுவது? கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஊர் ஐயாக்களிடம் போய் ரங்கூன் ரூபாய்க்கும் சைகோன் பியாஸ்தருக்கும் ஒரே ரேட்டை என்றைக்கும் மாறாமல் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அப்புறம் இந்த 'சிசி' பேச்சு. மிடாசோலம் ஒரு சிசிக்கு 1 மில்லிகிராம் உள்ள வயலும் வருகிறது, 5 மில்லிகிராம் உள்ள ஆம்பூலும் வருகிறது. "மிடாஸ் ஒரு சிசி" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். கையில் கிடைத்தது ஆம்பூல். அந்த ஆச்சிக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, சாச்சுரேஷன், 97-லிருந்து 81-க்கு இறங்கியது. மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே, "ஆச்சி, மூச்சை இழுத்து விடுங்க ஆச்சி" என்று நான் போட்ட சத்தம் ரிசப்ஷன் வரை கேட்டதாம். இந்த மயக்கத்தை முறிக்கும் மருந்தான ஃப்ளூமசெனில் டிராலியில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி கண்ணைத் திறந்து, "ஏன்டியம்மா இப்படிக் கத்துற?" என்றார். பிழைத்தோம். 1980-களில் மிடாசோலம் வந்த புதிதில் டயாசிபாம் மாதிரியே நினைத்துப் போட்டு அமெரிக்காவில் உயிர்கள் போயின. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் இது மூன்று நான்கு மடங்கு வீரியம். இங்கிலாந்தில் 2008-லேயே, டெஸ்டுக்கு லேசான மயக்கம் கொடுக்கும் இடங்களில் சிசிக்கு 1 மில்லிகிராம் வகையை மட்டும் வையுங்கள் என்று எச்சரிக்கை அனுப்பினார்கள்.

எவ்வளவு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் அந்தத் தாளில் இல்லை. டயாசிபாம் உடம்பில் நாள்கணக்கில் கிடக்கும், ஆனால் மூளையைவிட்டுக் கொழுப்புக்குச் சீக்கிரம் நகர்ந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் வலிப்பு திரும்பலாம். லோரசிபாம் வேலையைத் தொடங்க ஓரிரு நிமிஷம் கூடப் பிடிக்கும், தொடங்கினால் மணிக்கணக்கில் நிற்கும். ஆனால் அதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், கரண்ட் போனால் ஃப்ரிட்ஜை யார் பார்க்கிறோம்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். வலிப்புக்கு ஒன்று, டெஸ்டுக்கு முந்தைய மயக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதித் தாருங்கள். வயசானவர், ஈரல் கெட்டவர், கிட்னி கெட்டவர் என்றால் எங்கே குறைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். சிசி வேண்டாம், மில்லிகிராமில் சொல்லுங்கள். எண்டோஸ்கோபி அறையிலிருந்து 5 மில்லிகிராம் ஆம்பூலை எடுத்துவிட்டு, ஃப்ளூமசெனில் இரண்டு வாங்கி வையுங்கள். அது ஒரு மணி நேரத்தில் வலுவிழக்கும், நோயாளி மறுபடி மயங்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

உங்களில் ஒரு மயக்க மருந்து டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். செக்காலை ரோட்டில் லேமினேட் செய்து எல்லா மருத்துவமனைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற செலவு என்னுடையது.

இப்படிக்கு,
நைட் டியூட்டி நர்ஸ் ஒருத்தி