எபேசு ஒருநாள் பயணம்: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி ஒரு புகார்

அனுப்புநர்:
பயணக் குழுவினர் சார்பில்,
பாளையங்கோட்டை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: துருக்கியில் இடிபாடுகளாக இருக்கும் பண்டைய நகரமான எபேசுக்கான ஒருநாள் வேதாகமப் பயணத்தில் ஒப்புக்கொண்ட இடங்களைக் காட்டாதது மற்றும் தவறான விளக்கம் – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனம் நடத்திய துருக்கிப் பயணத்தில், ‘எபேசு வேதாகம நாள்’ என்று தனிக்கட்டணம் வாங்கிக்கொண்டு எங்களை இஸ்மிரிலிருந்து ஒருநாள் அழைத்துப் போனீர்கள். ஓட்டல் அறை, சாப்பாடு இவற்றிலும் குறைகள் இருந்தன. வெளிநாடு போனால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். எபேசு நாளை அப்படி விட முடியவில்லை. எங்களில் பலர் அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மொத்தப் பயணத்துக்கும் பணம் கட்டினோம். ஊர் திரும்பியதும் தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தோம். “ஷாப்பிங் இல்லாத டூர் ஏது சார்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். ஆகவே எழுத்தில் தருகிறோம்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிய பேருந்து நேராக எபேசுக்குப் போகவில்லை. வழியில் ஒரு தோல் ஆடைக் கடையில் நிறுத்தினார்கள். ஆளுக்கொரு கிளாஸ் ஆப்பிள் டீயைக் கொடுத்து உட்காரவைத்து, விளக்கை அணைத்து, காதைப் பிளக்கும் பாட்டோடு ஃபேஷன் ஷோ நடத்தினார்கள். முடிவில் எங்கள் பெரியம்மாவை எழுப்பி, சேலைக்கு மேலே சிவப்புத் தோல் கோட்டை மாட்டி மேடையில் நடக்கவிட்டார்கள். அப்போது எல்லாரும் சிரித்தோம் என்பது உண்மைதான். ஆனால் பாளையங்கோட்டை வெயிலுக்குத் தோல் கோட்டு எதற்கு? பிறகு அறை அறையாகக் கூட்டிப்போய் விலை பேசினார்கள். வெளியே போக வழி கேட்டால் இன்னொரு அறையைக் காட்டினார்கள். அங்கேயே இரண்டு மணி நேரம் போயிற்று. நீங்கள் தந்த பயணத்திட்டத்தில் இந்தக் கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன்பின் மதியச் சாப்பாடு. எபேசு வாசலில் இறங்கும்போது மணி இரண்டேகால். மூன்றரைக்கெல்லாம் மறுபடி பேருந்தில் இருந்தோம்.

இடிபாடுகளுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. மேல்வாசலில் இறக்கிவிட்டால் சரிவிலேயே நடந்து, செல்சஸ் நூலகம், பெரிய அரங்கம் எல்லாம் பார்த்துக்கொண்டு கீழ்வாசலுக்கு வந்துவிடலாம், பேருந்து அங்கே வந்து ஏற்றிக்கொள்ளும். எங்களுக்கு எதிரே இறங்கி வந்த குழுக்களெல்லாம் அப்படித்தான் வந்தன. எங்களை மட்டும் கீழ்வாசலில் இறக்கி, வெயிலில் மேட்டில் ஏறவைத்து, வந்த வழியே திருப்பினார்கள். தரையெல்லாம் தேய்ந்து வழவழத்த பளிங்குக் கல், ஒதுங்க நிழல் கிடையாது. என் தாயாருக்கு மூட்டுத் தேய்மானம் இருப்பதை முன்பதிவுப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறோம். நூலகத்துக்கு முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்தவர், அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை.

அந்த நூலகத்தின் முன் நின்றுகொண்டு வழிகாட்டி சொன்னது: “பவுல் இங்கே வந்துதான் படித்தார்.” ஐயா, ரோமரின் ஆசியா மாகாண ஆளுநராக இருந்த செல்சஸின் நினைவாக அவருடைய மகன் எழுப்பிய கட்டடம் அது. தகப்பனின் கல்லறையும் அதன் கீழேதான் இருக்கிறது. காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. அப்போஸ்தலன் பவுல் எபேசில் இருந்ததோ கி.பி. 50களில். இன்னும் கட்டாத நூலகத்தில் அவர் எதைப் படித்திருப்பார்? அவர் இரண்டு வருஷம் பேசிவந்த இடம் திறன்னு என்பவருடைய வித்தியாசாலை என்று வேதாகமத்தில் அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. துருக்கியில் வழிகாட்டிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2012இல் சட்டமே வந்திருக்கிறது. எங்களுக்கு வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை எதையும் நாங்கள் பார்க்கவில்லை. தமிழில் விளக்கம் உண்டு என்று துண்டறிக்கையில் போட்டிருந்தீர்கள். மொழிபெயர்க்க வேண்டிய தங்கள் டூர் மேனேஜர் தம்பி பாதி நேரம் போனில்தான் இருந்தார்.

இதெல்லாம் போகட்டும் என்றாலும் அரங்கத்தை விட்டுக்கொடுக்க எங்களால் முடியாது. சுமார் 25,000 பேர் உட்காரக்கூடியது என்று சொல்லப்படும் அரங்கம் அது. தியானாள் தேவிக்கு வெள்ளியில் சிறு கோயில்கள் செய்துவந்த தட்டான் தெமேத்திரியு, பவுலின் பிரசங்கத்தால் தன் தொழில் கெடுகிறதென்று ஊரைக் கிளப்பிவிட, ஜனங்கள் பவுலோடு வந்த காயுவையும் அரிஸ்தர்க்குவையும் இழுத்துக்கொண்டு அங்கேதான் பாய்ந்தார்கள். இரண்டு மணி நேரம் தியானாள் பேரைச் சொல்லிக் கத்தியதும் அங்கேதான். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை வாசிக்க வேண்டும் என்று எங்கள் சபைப் போதகரான சேகரகுரு ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். மேலே உட்கார்ந்து பார்த்தால் துறைமுக வீதி நேரே ஓடி, ஒன்றுமில்லாத வெளியில் போய் முடியும். ஒருகாலத்தில் கப்பல் வந்த இடம், ஆற்று வண்டல் தூர்த்துவிட்டதால் கடல் இப்போது சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கீழ்வாசலில் நுழைந்தவுடனே அரங்கம் வந்தது. “திரும்பும்போது பார்க்கலாம்” என்றார் வழிகாட்டி. திரும்பும்போது கையைத் தட்டி “டைம் ஆயிற்று” என்றார். சேகரகுரு வேதப்புத்தகத்தைத் திறந்தபடியே நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். போகிற போக்கில் வழிகாட்டி சொன்னது இன்னொன்று: “பவுல் இந்த மேடையில் நின்று பிரசங்கித்தார்.” அவர் உள்ளே போக மனதாயிருந்தும் சீஷர்கள் விடவில்லை என்பதுதான் அங்கே நடந்ததே!

பட்டியலில் இருந்த மற்றவை: மொட்டைமாடி வீடுகள் என்று நீங்கள் அச்சிட்டிருந்த, மலைச்சரிவில் இருக்கும் ரோமர் காலத்து வீடுகளைப் பார்க்க இடிபாடுகளுக்குள்ளேயே தனி டிக்கெட் வேண்டுமாம், எங்கள் கட்டணத்தில் அது சேரவில்லையாம். ‘நுழைவுக் கட்டணங்கள் அனைத்தும் உட்பட’ என்று உங்கள் துண்டறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கிறது. மேலே கூரை போட்டிருக்கும் அந்த இடத்துக்குப் போயிருந்தால் கொஞ்சம் நிழலாவது கிடைத்திருக்கும். கி.பி. 431இல் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடிய மரியாள் ஆலயத்துக்குப் போகவில்லை. அர்த்தெமிஸ் (அதே தியானாள்தான்) கோயிலின் ஒற்றைத் தூணையும் அதன் உச்சியில் இருந்த நாரைக்கூட்டையும் வலது பக்கம் உட்கார்ந்தவர்கள் மட்டும் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தார்கள். செல்சுக் ஊரில் அப்போஸ்தலன் யோவானின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின்மேல் பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய பேராலயத்துக்கு நேரமில்லை என்றுவிட்டார்கள். மலைமேல் இருக்கும் மரியன்னை வீட்டுக்கு மட்டும் சொன்னபடி கூட்டிப்போனார்கள். எங்களோடு வந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அதில் திருப்தி, எங்களுக்கும் குறையில்லை.

ஆகவே, எபேசு நாளுக்கென்று வாங்கிய தனிக்கட்டணத்தில், மரியன்னை வீட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆன செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். வழிகாட்டிக்கென்று பேருந்திலேயே தலைக்கு இவ்வளவு என்று கட்டாயமாக வசூலித்த டிப்ஸ் தொகையும் அதில் சேர வேண்டும். அவருக்கு உரிமம் உண்டா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த குழுவுக்குக் கடை உண்டென்றால் பயணத்திட்டத்திலேயே கடை என்று போடுங்கள். பிடித்தவர்கள் வரட்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். எபேசில் அன்று கூட்டத்தை அமர்த்திய பட்டணத்துச் சம்பிரதி (நகர அதிகாரி), வழக்கு இருந்தால் அதற்கென்று நியாயம் விசாரிக்கிற நாட்கள் உண்டு, அங்கே போங்கள் என்றுதான் சொன்னார். எங்களுக்கும் கத்துவதில் விருப்பமில்லை. பதில் வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். நுகர்வோர் தன் சொந்த மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருவதால், சென்னைக்கு நாங்கள் அலைய வேண்டியதில்லை.

இணைப்பு: பயணத்திட்டத் துண்டறிக்கை, கட்டண ரசீது, முன்பதிவுப் படிவம் ஆகியவற்றின் நகல்கள், குழுவினர் கையொப்பங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)