பம்பு மட்டும் போதாது, டீசலும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பேரிடர் நேரத்தில் தனியார் துறையினர் அரசுக்குத் தோள் கொடுக்க முன்வருவதில்லை என்று தங்கள் தலையங்கம் குறைப்பட்டிருக்கிறது. வெள்ளநீர் இறைக்கும் பம்புகளை வாடகைக்கு விடும் எங்களுக்கு அந்த ஒரு வரி நெஞ்சில் தைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் டிராக்டரோடு நின்ற பம்புகள் யாருடையவை என்பது தாங்கள் அறியாததல்ல.

குறை முன்வருவதில் இல்லை, கூப்பிடும் முறையில் இருக்கிறது. 50 எச்.பி. பம்பு உடனே வேண்டும் என்று நள்ளிரவில் போன் வரும். தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்று சொல்ல ஆளிருக்காது. 100 அடி ஹோஸ் குழாயோடு போனால் கால்வாய் 300 அடி தள்ளி இருக்கும். பக்கத்து மழைநீர் வடிகாலில் விட்டால், ஏற்கெனவே நிரம்பிய வடிகால் அதே தண்ணீரை அடுத்த மேன்ஹோல் வழியாகத் தெருவுக்கே திருப்பி அனுப்பும். விடிய விடிய ஓட்டியும் மட்டம் இறங்காது. திட்டு எல்லாம் பம்புக்காரருக்கு.

டீசல் பாடு இன்னும் மோசம். 50 எச்.பி. இன்ஜின் முழு லோடில் மணிக்கு 8 முதல் 10 லிட்டர் குடிக்கும். நாளொன்றுக்கு ஒரு பேரல். பங்க்கில் பேரலில் பிடிக்க எளிதில் விடமாட்டார்கள். ஆபரேட்டர் டீசல் தேடி அலைந்தால், தண்ணீரை உறிஞ்சும் முனையான சக்‌ஷனை யார் பார்ப்பது? தெருத் தண்ணீரில் வரும் பிளாஸ்டிக் பைகள் உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட்வால்வின் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். அரை மணிக்கொரு தரம் இடுப்பளவு சாக்கடை நீரில் இறங்கிக் கையால் உருவி எடுக்க வேண்டும். விட்டால் பம்பு காற்றை இழுத்து, தண்ணீரில்லாமல் சுற்றி, நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கருகிவிடும். அதனால் ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு ஆள் கட்டாயம். கூப்பிடுகிறவர்கள் ஒரு ஆளுக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

பிறகு பில். ஓடிய மணிக்கணக்குக்குச் சான்று கேட்பார்கள். களத்தில் நின்ற பொறியாளர் அதற்குள் மாறுதலாகிப் போயிருப்பார். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, தேவைப்படும் வாகனத்தை எடுத்துக்கொள்ள அதிகாரம் தருகிறது. 66ஆம் பிரிவு, அந்த வட்டாரத்தில் நிலவும் வாடகைப்படி இழப்பீடு தரச் சொல்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தில்தான் இருக்கின்றன, ஐயா.

பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் பேரிடர் மேலாண்மையும் 2019இல் சேர்க்கப்பட்டது. ஆனால் உதவி என்றாலே மழை விட்டபின் பாயும் போர்வையும்தான் என்று ஆகிவிட்டது. சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி குவிந்து கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த நிதியில் செப்டம்பரிலேயே ஹோஸும் ஸ்பேர் சீலும் வாங்கி மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் வைத்தால் என்ன?

கேட்பது ஒன்றே ஒன்று. பம்பு நிற்கும் இடம், தண்ணீர் விடும் இடம், இடைப்பட்ட தூரம், டீசல் தரும் பங்க், பம்பு ஓடிய நேரம் குறிக்கும் லாக் ஷீட்டில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கையெழுத்திட வேண்டிய அதிகாரியின் பதவி, இவை அடங்கிய ஒரு தாள் மண்டலம்தோறும் பருவமழைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று அக்டோபர் முதல் வாரத்தில் தங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பம்பு வாடகைத் தொழிலில் உள்ள வாசகர்,
சென்னை.