செயின் சத்தமும் தேங்காய் எண்ணெயும்

ஆசிரியருக்கு,

குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் பிளஸ் ஒன் பிள்ளைகளின் இலவச சைக்கிள்கள் கிறீச்சிட்டபடியே போகின்றன. உடனே வீட்டில் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள். அது மணலைப் பிடித்துப் பிசுக்காகிவிடும். மெஷின் ஆயில் நல்லது.

அதற்கு முன் சத்தம் எங்கே என்று பார்க்க வேண்டாமா? மிதிப்பதை நிறுத்தி உருட்டினாலும் வந்தால், பெரும்பாலும் சக்கரத்துப் பக்கம்தான். மிதியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டக்’ என்றால் கிராங்கை (மிதியைத் தாங்கும் இரும்புக் கை) அச்சோடு இறுக்கும் காட்டர் பின் என்ற ஆணி தளர்ந்திருக்கலாம். சரி, செயின்தான் என்றால் ஸ்கேல் வைத்து அளக்கலாம். ஓர் ஆணியின் நடுவிலிருந்து இன்னோர் ஆணியின் நடுவரை 24 கண்ணி, புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். அரைக்கால் (1/8) அங்குலம் கூடிவிட்டால் எந்த எண்ணெயும் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

சைக்கிள் வழங்கும் அன்றே பள்ளியில் இதையும் காட்டிக் கொடுக்கலாமே.

– வாசகர், குளச்சல்