இடிப்பதற்கு முன் அளக்க விடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்துத் தமிழ்க் கோயில்களின் அறங்காவலர் குழுவினருக்கு,

வணக்கம்.

தைப்பூசம் முடிந்த கையோடு இன்னொரு பழைய கருவறையை இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தி போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. எந்தக் கோயில் என்று இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். பழையது போய்ப் புதியது எழுவது ஒரு கோயிலோடு நிற்கிற காரியம் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கருவறையை இடிக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. கூட்டம் பெருகிவிட்டது, காவடி நாளில் உள்ளே நிற்க இடமில்லை, சுவரில் ஈரம் ஏறுகிறது, மழைக்காலத்தில் ஒழுகுகிறது. இவை எல்லாம் உண்மை, நானும் அந்த ஒழுகலுக்குக் கீழே நின்று கும்பிட்டவள்தான். இடிப்பதற்கு முன் அளக்க விடுங்கள். என் கோரிக்கை இவ்வளவே.

நான் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவள். பேச்சு ஆயாவிடம் கற்றது, எழுத்து கோயில் வகுப்பில் கற்றது. மூன்று ஆண்டு இளநிலை, இரண்டு ஆண்டு முதுநிலை என்று கட்டடக்கலை படித்து முடித்து, இப்போது டர்பனில் ஓர் அலுவலகத்தில் பயிற்சி நிலையில் இருக்கிறேன். கட்டடக்கலைத் தொழிலுக்கான 2000ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டப்படி பதிவு பெறும்வரை என்னைக் கட்டடக் கலைஞர் என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடாது. பதிவு பெற்ற ஒருவரின் கீழ் குறைந்தது 24 மாதம் வேலை பார்த்து, பார்த்த வேலையைக் கணக்கெழுதிக் காட்டி, தேர்வும் எழுதித் தேற வேண்டும். ஆகவே திருப்பணியை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டு வரவில்லை. ஆனால் டேப் பிடித்து அளக்கவும், அளந்ததை வரையவும் உங்கள் சம்மதம் ஒன்று போதும்.

படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு கோயிலைத்தான் என் வடிவமைப்புத் திட்டமாக எடுத்துக்கொண்டேன். செங்கல் கருவறை, அதன் மேல் சுதை உருவங்களோடு சின்ன விமானம், முன்னால் பிற்காலத்தில் சேர்த்த தகரக் கூரைத் தாழ்வாரம். பழைய கருவறையை இருந்த இடத்திலேயே விட்டு, அதைச் சுற்றிப் பெரிய மண்டபம் எழுப்புவது என் திட்டம். குழுவினரிடம் முறைப்படி எழுதிக் கேட்டேன், அனுமதியும் கொடுத்தார்கள். கருவறைக்குள் நான் போகக்கூடாது என்பதால் பூசாரி ஐயாவே டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து எண்களை வாசிப்பார், நான் வாசலில் உட்கார்ந்து எழுதுவேன். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்த்தபோது கருவறை சரியான சதுரம் இல்லை என்று தெரிந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் விலகியிருந்தது. அதைக் கேட்டதும் ஐயா, 'கை வேலை அம்மா, மெஷின் வேலையா இது' என்றார். அந்தக் கோணலைக் கோணலாகவே வரைந்தேன்.

தரைப்படம் முடிந்தது. வெட்டுப்படம் பாக்கி. கட்டடத்தை மேலிருந்து கீழாக அறுத்துப் பார்த்தால் உள்ளே என்ன தெரியும் என்று காட்டுகிற படம் அது. அதற்கு விமானத்தின் உயரமும் உள்ளமைப்பும் வேண்டும், ஏறிப் பார்க்கச் சாரம் வேண்டும். வண்ணம் அடிக்கச் சாரம் கட்டப்போகிறோம், அப்போது வா என்றார்கள். காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. நானாகப் போனபோது கருவறை இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. குப்பை அள்ளும் இரும்புத் தொட்டியில் சுதை உருவங்களின் கைகால்களும், கொடுங்கைக்காக விளிம்பு வளைத்துச் செதுக்கிய செங்கற்களும் கிடந்தன.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு.

குழுவில் ஒரு பெரியவர் அன்போடுதான் சொன்னார்: 'போட்டோ எல்லாம் எடுத்து வச்சிருக்கோம், கவலைப்படாதே.' அந்தப் படங்களையும் வாங்கிப் பார்த்தேன். கும்பாபிஷேகத்தன்று எடுத்தவை. முன்வரிசையில் விருந்தினர்கள், கழுத்தில் மாலை, பின்னால் தலைகளுக்கு மேலே விமானத்தின் உச்சி மட்டும். நேராக எடுத்த படமாகவே இருந்தாலும் அதில் சுவரின் கனம் தெரியாது, கூரைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

தேர்வுக் குழுவின் முன் நின்றபோது ஒருவர் கேட்டார்: அந்த விமானம் உள்ளே வெற்றிடமா, நிரப்பியதா? கல் கிடைக்காத ஊரில், கரும்பு வெட்டி விட்டு வந்து கோயில் கட்டியவர்கள் அந்தக் கூட்டை எப்படி மூடினார்கள்? செங்கல்லை வரிக்கு வரி உள்ளே நீட்டி அடுக்கினார்களா, மர உத்திரம் போட்டார்களா, தோட்டத்து டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே வைத்தார்களா? என்னிடம் பதில் இல்லை. என் மதிப்பெண் போனதைப் பற்றி இந்த மடலில் முறையிடவில்லை. அந்தக் கேள்விக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது என்பதுதான் என் முறையீடு. கட்டியவரும் இல்லை, கட்டடமும் இல்லை, ஒரு தாளும் இல்லை.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டுரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் விட்டுப்போன எழுத்து மிகக் குறைவு. தோட்டத்துப் பதிவேட்டிலும் கப்பல் பட்டியலிலும் அவர்கள் வெறும் எண்கள். அவர்கள் தங்கள் விருப்பப்படி, தங்கள் கைக்காசில், தங்கள் அறிவைக்கொண்டு செய்து வைத்ததில் இன்றைக்கும் தொட்டுப் பார்க்க முடிகிறது இந்தக் கோயில்களைத்தான். மவுண்ட் எட்ஜ்கோம்ப் பிள்ளையார் கோயிலை 1898இல் கட்டிய கிருஷ்டப்ப ரெட்டியின் பெயராவது நமக்குத் தெரியும். பெயர் தெரியாத மற்றவர்களை அவர்கள் வைத்த செங்கல் வரிசையிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1940களில் கேட்டோ மேனரில் அம்பலவாணருக்கு மறுபடியும் ஆலயம் எழுப்பினார்கள். அங்குள்ள கதவுகள் வெள்ளத்தில் தப்பியவை என்று சொல்வார்கள். வெள்ளம் கொண்டுபோனதற்கு நாம் என்ன செய்திருக்க முடியும்? அதன்பின், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் தனிப்பகுதிச் சட்டம் வந்து மக்களைப் பெயர்த்தது. பிரிட்டோரியாவில் நம்மவர்களை லாடியத்துக்கு அனுப்பிய பிறகும் மராபஸ்டாட் மாரியம்மன் கோயில் அதே இடத்தில் நின்றது. அந்தக் காலத்தையும் தாங்கி நின்ற சுவர்களை இன்று நம் கையாலேயே, ஒரு கோடு வரைந்து வைக்காமல் இறக்குகிறோம்.

1980களின் தொடக்கத்தில் பால் மிக்குலா, பிரையன் கேர்னி, ராட்னி ஹார்பர் என்ற மூன்று கட்டடக் கலைஞர்கள் நம் பழைய கோயில்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்தார்கள். மூவரும் தமிழர் இல்லை. அந்தப் பதிவை விரித்து வைத்துக்கொண்டுதான் நானும் படித்தேன். அவர்களுக்குத் திறந்த கதவை அதே கோயிலில் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும், அதில் ஒரு பகுதியையும்கூட, மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது என்று தேசிய மரபுரிமை வளங்களுக்கான 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம், 34ஆம் பிரிவு சொல்கிறது. நம் மாகாணத்தில் அந்த அனுமதியை அமாஃபாவிடம் பெற வேண்டும். தேசியச் சின்னம் என்று பலகை மாட்டிய கோயிலுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். பலகை இல்லாத தகரக் கொட்டகைக்கும் இது உண்டு. அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இருக்கிற கட்டடத்தின் வரைபடத்தையும் சேர்த்து வைத்தால் உங்கள் வேலைதான் சுலபமாகும். அந்த வரைபடத்தைத்தான் நாங்கள் வரைந்து தருகிறோம் என்கிறோம்.

இந்த இடத்தில் மனதில் உள்ள இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வார நாட்களில் நான் என்ன வரைகிறேன் தெரியுமா? டர்பனுக்கு வடக்கே கரும்புக்காடாக இருந்த நிலத்தில் எழும் கிடங்குகளுக்கும் மதில் சூழ்ந்த குடியிருப்புகளுக்கும் கதவு அட்டவணை, கழிப்பறை விவரம். ஆரம்ப நிலையில் எல்லோருக்கும் வாய்ப்பது அதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு நிலத்தில் பழைய தோட்டத்துரை பங்களா ஒன்று நின்றது. அதைத் தொடுவதற்கு முன் சன்னல் சட்டத்தின் வளைவு உட்பட அங்குலம் அங்குலமாக அளந்தோம், நானும் டேப் பிடித்தேன். துரை வீட்டுச் சன்னலுக்கு வரைபடம் இருக்கிறது. அந்தத் துரையிடம் கூலி வாங்கியவர்கள் கட்டிய கோயிலுக்கு இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை வரவழைக்கிறீர்கள். விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் பார்த்துச் செய்கிறீர்கள், அவர்கள் கைக்கு அந்த மரியாதை தகும். நம் வீட்டுப் பிள்ளை நோட்டும் டேப்புமாக வந்து நின்றால் மட்டும், 'வரையறதுக்கு எதுக்கம்மா இவ்வளவு படிப்பு, டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே' என்று கேட்கிறீர்கள். எங்களைப் படிக்க வைக்கக் கோயிலிலேயே அர்ச்சனை செய்த பெற்றோரும் அங்கேதான் நிற்கிறார்கள். அந்தச் சொல் அவர்களுக்கும் வலிக்கிறது.

கோபம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் வயதைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்து மூர்த்திகளை வேறிடத்தில் எழுந்தருளச் செய்கிறீர்கள். அதற்குப் பிறகு கடப்பாரை விழும்வரை கருவறை சும்மாதான் இருக்கும். அந்த இடைவெளியில் இரண்டு வார இறுதிகளை எங்களுக்குக் கொடுங்கள். என்னோடு படித்தவர்கள் சிலர் தயாராக இருக்கிறார்கள். டர்பனில் இரண்டு பல்கலைக்கழகங்களில் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறார்கள், அங்கே படிக்கும் நம் பிள்ளைகளும் வருவார்கள். விரதம், குளியல், உடை என்று உங்கள் முறை எதுவோ அதன்படி நடப்போம். உள்ளே போகக்கூடாது என்றால் பூசாரி ஐயா டேப் பிடிக்கட்டும், முன்பும் அப்படித்தான் செய்தோம். ஆணி அடிக்க மாட்டோம், சுண்ணாம்பு சுரண்ட மாட்டோம். இடிக்கிற அன்று ஒருவர் மட்டும் ஓரமாக நிற்க இடம் தந்தால், விமானம் திறக்கும்போது உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து வரைந்துகொள்வோம். வரைபடத்தில் ஒரு பிரதி கோயிலுக்கு, ஒன்று ஸ்தபதிக்கு, ஒன்று அமாஃபாவுக்கு. ஊதியம் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், அளந்து வரையாமல் எந்தப் பகுதியையும் இடிப்பதில்லை என்று ஒரு தீர்மானம் சேருங்கள். அது போதும், நாளைக்கு வேறு குழு வந்தாலும் அது நிற்கும்.

தைப்பூசத்துக்குப் பின் இடிக்க இருக்கும் கோயிலின் குழுவினருக்குத் தனியே ஒரு வேண்டுகோள். உங்கள் முன்வாசலில் நின்று நான் இதைக் கேட்டிருக்க வேண்டியவள்தான். செயலாளர் ஐயாவுக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வராததால்தான் எல்லோர் முன்னும் கேட்கிறேன். இன்னும் நாள் இருக்கிறது. பாலாலயத் தேதியைச் சொல்லுங்கள். மறுநாள் காலை டேப்போடு வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கோயில் வகுப்பில் எழுதப் படித்த
சாட்ஸ்வர்த் பெண்