கருவியைச் சரிசெய்துகொண்டு கரைக்கு வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாசி, பங்குனியில் வேடந்தாங்கலுக்குக் குழுவாகப் பறவை பார்க்க அழைத்துச் செல்வோர் கவனத்துக்கு:

காலையில் முடிந்தவரை சீக்கிரம் கரைக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் கானல் எழும்பி, தொலைநோக்கியில் எல்லாமே நெளியும். ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவர்களுக்குக் குரல் எட்டாது.

புதியவர்களுக்கு 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ.) பைனாகுலரே நல்லது. 10 மடங்குக் கருவியில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். கருவியின் வலப்பக்கத்தை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண் வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். வண்டியை விட்டு இறங்கியதுமே இதைச் செய்துவிட வேண்டும். பலரும் கருவிக்குள் பறவையைத் தேடித் தவிக்கிறார்கள். பறவை மேலிருந்து பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்தினால் உடனே அகப்படும்.

நத்தைகுத்தி நாரையிடம் சற்று அதிகநேரம் நில்லுங்கள். அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது. வளர வளரத்தான் உண்டாகும். இதைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்!

கைதட்டுவதும், கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவதும் கூடவே கூடாது. தாய் எழுந்து பறந்தால் நிழலிழந்த குஞ்சு வெயிலில் வாடும், காகம் முட்டையைக் கொத்தும்.

மழை பொய்த்த ஆண்டானால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

- பறவை நோக்கர்கள் சிலர், செங்கல்பட்டு