வார இறுதியில் வால்பாறை ஏறி வரும் கார்க்காரர்களுக்கு

வணக்கம். நான் இங்கே எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, நீங்கள் வந்தால்தான் டவுனில் நாலு கடைக்கு வியாபாரம் நடக்கும். ஆனால் போன மாதம் டீக்கடையில் ஒரு தம்பி கேட்ட கேள்வி மனதிலேயே கிடக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

"அண்ணா, ரெண்டு நாளா சுத்தறோம், பார்க்க ஒண்ணுமே இல்லையே, அனிமல்ஸ் எங்கே இருக்கும்?" என்றான். நல்லமுடி பூஞ்சோலை, சோலையார் அணை, கூழாங்கல் ஆறு எல்லாம் முடித்துவிட்டானாம். எப்படி வந்தீங்க என்று கேட்டேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னான். தம்பி, நீ தேடுவதையெல்லாம் அந்த ஒரே மூச்சில்தான் தாண்டி வந்தாய் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன். வால்பாறையில் காடு தனியாக ஒரு இடத்தில் கேட் போட்டு இருப்பதில்லை. 1890களில் தொடங்கி காட்டை வெட்டி காபியும் தேயிலையும் வைத்தார்கள், வெட்டாமல் விட்டது துண்டு துண்டாக நின்றுவிட்டது. அந்தத் துண்டுச் சோலைகளுக்கு நடுவில்தான் ரோடு போகிறது, சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம். ஒன்பதாவது வளைவில் வரையாடு ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கும், நம் மாநில விலங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நீங்களோ அதற்குச் சிப்ஸ் நீட்டி செல்ஃபி எடுக்கிறீர்கள். நீட்டாதீர்கள். காலையில் வெயில் ஏறும் முன் வந்து காரை ஓரம் கட்டி, கதவைச் சாத்திவிட்டுச் சும்மா அரை மணி நேரம் நின்று பாருங்கள், குட்டியை முன்னால் விட்டு அது பாறையில் இறங்குகிற அழகுக்குச் சிப்ஸே தேவையில்லை.

அப்புறம் புதுத்தோட்டம். டவுனுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டில் ஒருவர் கை காட்டி வண்டியை மெதுவாக்கச் சொல்வாரே, அவரைப் பார்த்து ஹாரன் அடிக்கிறீர்களே, அந்த இடம். அவர் அங்கே நிற்பது சோலைமந்திக்காக. சிங்கவால் குரங்கு என்றால் உங்களுக்குத் தெரியும். மரத்தை விட்டு இறங்கவே பிடிக்காத குரங்கு அது, மழைக்காட்டு உச்சிக் கிளைகளிலேயே பிறந்து, பழமும் பூச்சியும் தின்று, அங்கேயே வாழ்நாளைக் கழிக்க வேண்டியது. காடு துண்டானதால் கிளைக்குக் கிளை தாவ வழியில்லாமல் ரோட்டில் இறங்கி நடக்கிறது. மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதிலும் போகும், ஆனால் கீழே நீங்கள் வீசிய பிஸ்கட் பாக்கெட் கிடந்தால் எந்தக் குரங்கு மேலே போகும்? பிஸ்கட்டுக்கு இறங்கி உங்களுக்குப் பின்னால் வரும் காரில் அடிபடுகிறது. நீங்கள் ஆசையாகக் கொடுத்ததுதான், தெரிகிறது, ஆனாலும் கொடுக்காதீர்கள்.

பறவை பார்க்கிறவர்களுக்கு இருவாச்சியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: பெட்டை இருவாச்சி மரப்பொந்துக்குள் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும், மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். மூன்று நாலு மாதம் ஆண் பறவைதான் அத்திப்பழமாகக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். வெளியே அதற்கு ஏதாவது ஆனால் உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி. அது பறக்கும்போது இறக்கைச் சத்தம் பழைய நீராவி ரயில் மாதிரி வரும், கண்ணில் படும் முன்னால் காதில் விழுந்துவிடும். காருக்குள் பாட்டுப் போட்டு வருகிறவருக்கு எப்படி விழும், சொல்லுங்கள்.

யானைக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். இங்கே எஸ்டேட் பக்கம் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். போனில் எஸ்எம்எஸ் வரும், உள்ளூர் கேபிள் டிவியில் கீழே எழுத்து ஓடும். இதையெல்லாம் பார்த்துத்தான் எங்கள் அம்மாக்கள் வேலை முடிந்து எந்த வழியாக வீடு திரும்புவது என்று முடிவு செய்கிறார்கள். நாங்கள் அந்த விளக்கைப் பார்த்தால் நின்றுவிடுவோம், உங்களில் சிலர் அந்த விளக்கைத் தேடிக்கொண்டு போகிறீர்கள், கையில் கேமராவோடு! 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி சாலையில் யானை நின்றதால் இரண்டு பக்கமும் வண்டிகள் காத்திருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் மட்டும் பைக்கில் தாண்டிப் போகப் பார்த்தார், உயிர் போய்விட்டது. யானையைக் குறை சொல்ல முடியுமா? கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அது தன் வழியில் போயிருக்கும்.

ஆறும் அப்படித்தான். 2023 அக்டோபரில் கோவையிலிருந்து வந்த ஐந்து கல்லூரி மாணவர்கள் இங்கே ஆற்றில் மூழ்கிப் போனார்கள். மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், அடியில் பாறையும் பள்ளமும் இழுப்பும் தெரியாது. குளித்தே ஆக வேண்டுமென்றால் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள், வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான்.

சரி, நடக்க வழியே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், அதைக் குறுக்கு வழியில் வாங்கித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். முறைப்படி நடக்க ஆசையென்றால் இதே புலிகள் காப்பகத்தின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் டாப்ஸ்லிப் போங்கள், மலசர் பழங்குடிச் சமூகத்து வழிகாட்டிகளோடு கூட்டிப்போவார்கள். ஈரத்தில் கிடக்கும் சாணத்தைப் பார்த்து யானை எப்போது போனது என்று அவர்கள் சொல்வதைக் கேட்கவே ஒரு நாள் போதாது. இந்தப் பக்கமே இருக்க விரும்பினால் எஸ்டேட்டில் கேட்டுவிட்டு, ஆள் நடமாடும் பகல் நேரத்தில், தேயிலைக்கு நடுவே போகும் மண் ரோட்டில் நடங்கள். மழைக்காலம் என்றால் அட்டை ஏறும், உப்பு கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகக் கூச்சல் போட வேண்டாம். (தமிழ்நாட்டிலேயே மழை அதிகம் பெய்கிற இடங்களில் எங்கள் சின்னக்கல்லாரும் ஒன்று, அட்டை இல்லாமல் எப்படி இருக்கும்!)

ஏழு ஸ்பாட் பார்க்க வேண்டாம், ஒன்றோ இரண்டோ போதும். முடிந்தால் கூட்டமில்லாத செவ்வாய், புதன் பார்த்து வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மட்டும் ரோட்டில் நடக்காதீர்கள், அந்த நேரத்தில் நாங்களே நடப்பதில்லை.